அரை மில்லிமீட்டரின் அருமை

காது வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு பெரிசு வரைக்கும் போகலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இப்போது துளையில் இருப்பதற்கும் அடுத்துப் போடப்போவதற்கும் எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம்? துளை கிழிவது, பின்பக்கம் சதை பிதுங்குவது, சோணையின் அடிப்பகுதி நூலாக மெலிவது எல்லாம் பெரும்பாலும் அந்த வித்தியாசத்தை அளக்காமல் விட்டதால் வருபவை. 20 மி.மீ. பிளக்கை, அதாவது துளையை நிரப்பி நிற்கும் உருளை நகையை, பல ஆண்டுகளாகப் போட்டும் தோல் கெடாத காதுகள் உண்டு. 4 மி.மீ. தாண்டுவதற்குள் தழும்பேறிப்போன காதுகளும் உண்டு. ஒன்று சிறு படிகளாக ஏறிய காது, மற்றொன்று தாவிய காது.

நம் ஊருக்கு இது புதிய ஆசையும் அல்ல. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களில் பாம்படமும் தண்டட்டியும் போட்ட பாட்டிமார்களைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெண் குழந்தைக்குக் காது குத்தி, துளையில் பஞ்சுத் திரியை வைத்து, நாளாக ஆக அதன் பருமனைக் கூட்டுவார்கள். சில இடங்களில் பனையோலையைச் சுருட்டி வைப்பார்கள். சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும். அந்த மெல்லிய அழுத்தத்தில் துளை கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுக்கும். அதன் பிறகு ஈயக் குணுக்கு. அதன் கனத்தில் சோணை தோளை நோக்கி இறங்கும். பஞ்சிலும் ஓலையிலும் இருந்த பொறுமை இன்றைக்கும் பாடம். ஈயத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அது நச்சு உலோகம். புண்ணான தோலில் அதைத் தொங்கவிடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பாட்டிமார் விரும்பியது நீண்டு தொங்கும் காது. அதற்குக் கனம் வேண்டியிருந்தது. இன்று பிளக்கும் நடுவே ஓட்டையுள்ள டனலும் போட விரும்புகிறவர்களுக்கு வேண்டியது வட்டமான துளை, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே பருமனில் சதை. இதற்குக் கனம் எதிரி. இந்த அத்தியாயம் இரண்டாவது வகைக்கானது.

கேஜ் என்ற குழப்பம்

கடைகளிலும் இணையத்திலும் இந்த நகைகளைக் கேஜ் எண்ணில் விற்கிறார்கள். 18, 16, 14 என்று எண் குறையக் குறைய கம்பி தடிக்கும். கம்பி இழுக்கும் வேலையிலிருந்து வந்த வழக்கம் இது. அச்சுத் தகட்டின் துளைகள் வழியாக ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கம்பி மெலியும். அதிக முறை இழுத்த கம்பிக்குப் பெரிய எண். நகைப் பட்டறையில் வேலை பார்ப்பவருக்கு இது சட்டென்று புரியும், மற்றவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும்.

தலைகீழாக இருப்பதுகூடப் பரவாயில்லை, பழகிவிடும். கேஜ் ஒன்றல்ல, இரண்டு என்பதுதான் ஆபத்து. உடல் நகைகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது அமெரிக்கக் கம்பிக் கணக்கு, 1857இல் வந்தது. நம் ஊர் மின்கம்பிக் கடையிலும் உலோகப் பட்டறையிலும் வழக்கமாகப் புழங்குவது பிரிட்டிஷ் கணக்கு, 1884இல் சட்டபூர்வமானது. இரண்டிலும் எண்கள் ஒன்றுதான், தடிமன் வேறு. அமெரிக்கக் கணக்கில் 14 கேஜ் என்றால் 1.63 மி.மீ. பிரிட்டிஷ் கணக்கில் அதே 14 என்றால் 2.03 மி.மீ. இணையத்தில் படித்துவிட்டு ஆசாரியிடம் போய், "அண்ணே, 14 கேஜ்ல ஒரு ஜோடி வளையம் அடிச்சுக் குடுங்க" என்று கேட்டால், அவர் தன் கணக்குப்படி 2 மி.மீ. கம்பியில் நேர்த்தியாகச் செய்துகொடுப்பார். அவர்மேல் தவறில்லை. 1.2 மி.மீ.யில் இருந்த உங்கள் காதுதான் ஒரு படியை விட்டு இரண்டாவது படிக்குத் தாவ வேண்டியிருக்கும்.

பெரிய அளவுகளில் குழப்பம் இன்னும் கூடும். இரட்டைச் சுழியம் என்ற 00 கேஜை ஒரு கடை 9 மி.மீ. என்று விற்கும், இன்னொன்று 9.5 என்று, மற்றொன்று 10 என்று. ஒரு கடையில் வாங்கிய 00 சரியாகப் பொருந்திய காதில், வேறு கடையின் 00 நுழையவே நுழையாது. ஆகவே கேஜைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்கும்போது மில்லிமீட்டரில் மட்டும் பேசுங்கள். அட்டையில் எழுதியிருக்கும் மில்லிமீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு டிஜிட்டல் காலிப்பர் வாங்கி வையுங்கள். பிளாஸ்டிக்கில் வருவதே போதும். இந்த முயற்சியில் நகைக்கு முன்பாக வாங்க வேண்டிய பொருள் அதுதான். ஜோடியில் இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள். கையால் செய்த மரப் பிளக்குகளில் ஒன்றுக்கு ஒன்று கால் மில்லிமீட்டர் வேறுபடுவது உண்டு.

உங்கள் காது இப்போது எங்கே இருக்கிறது?

துப்பாக்கியால் குத்திய காதில் இருக்கும் தண்டு பெரும்பாலும் 0.8 முதல் 1 மி.மீ. வரை இருக்கும். பத்தர் கம்பியால் குத்திய காதில் அந்தக் கம்பியின் தடிமனே அளவு. திருகு வைத்த தோடு போடுகிறவர்கள் தண்டின் மரை மீது காலிப்பரை வைத்து அளக்க வேண்டும். மரையின் மேட்டளவுதான் உங்கள் துளை பழகியிருக்கும் அளவு. இரண்டு காதையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வேறுபட்டால் சிறிய காதின் அளவிலிருந்து தொடங்குங்கள், பெரிய காது காத்திருக்கட்டும்.

துளை வட்டமாக இருக்கிறதா என்பதைக் கண்ணாடி முன் நின்று பாருங்கள். பல ஆண்டுகள் கனமான ஜிமிக்கி போட்ட காதுகளில் துளை கீழ்நோக்கி நீண்டு ஒரு கோடாகிவிட்டிருக்கும். அதைத் தொடக்கமாக வைத்து வளர்க்கக் கூடாது. கீழே மிச்சமிருக்கும் சதை மேலும் மெலிந்து அறுந்துபோகும். பிளாஸ்டிக் சர்ஜன் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அதைத் தைத்துச் சரிசெய்வார். பிறகு மாதக்கணக்கில் ஆறவிட்டு, அவர் சொல்லும் இடத்தில் புதிதாகக் குத்திக்கொண்டு தொடங்கலாம். துளை சோணையின் நடுவில் இல்லாமல் விளிம்பை ஒட்டி இருந்தாலும் இதே யோசனைதான்.

காதில் துளை ஆறியது போலத் தெரிய 6 முதல் 8 வாரம் போதும். ஆனால் உள்ளே இருக்கும் தோல் முதிர்ந்து, இழுத்தால் தாங்கும் பதத்துக்கு வர இன்னும் நெடுநாள் ஆகும். குத்தி 6 மாதமாவது ஆகாத காதை வளர்க்கத் தொடங்க வேண்டாம். ஒரு வருடம் என்றால் நல்லது. தழும்பு தடித்து வளரும் கீலாய்டு உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால், தோல் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். நம்மைப் போன்ற கருத்த தோலுக்கு அது அதிகம் வரும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். 18 வயது ஆகட்டும், அவர்களே முடிவு செய்யட்டும்.

படிகள்

நான் பரிந்துரைக்கும் ஏணி மில்லிமீட்டரில் இது: 1, 1.2, 1.6, 2, 2.5, 3, 4, 5, 6, 7, 8, 9, 10. மொத்தம் 12 ஏற்றங்கள். கடைகளில் தொகுப்பாக விற்கும் பெட்டிகளில் இவற்றில் சில இருக்காது. இல்லாத படியைத் தேடி வாங்குவதுதான் இந்த வேலையில் பாதி.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்பதை ஒரு கணக்கு காட்டும். துளையின் குறுக்களவு 1 மி.மீ. கூடினால், துளையைச் சுற்றியுள்ள தோல் 3.14 மி.மீ. நீள வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே வட்டச் சுற்றளவுதான். 1இலிருந்து 1.2க்குப் போக முக்கால் மில்லிமீட்டர்கூட வேண்டாம். 2இலிருந்து 2.5க்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. 1இலிருந்து 3 வரை ஏற, மொத்தம் 6.28 மி.மீ. தோல் வேண்டும். அதை 5 ஏற்றங்களில், மாதக்கணக்கில், காது மெல்ல மெல்லக் கொடுக்கிறது.

இப்போது கேஜ் அட்டவணையைப் பாருங்கள். 2 கேஜுக்கு அடுத்தது 0 கேஜ். கடைக்காரர்களின் மில்லிமீட்டரில் பெரும்பாலும் 6இலிருந்து நேரே 8. வேண்டிய தோல் 6.28 மி.மீ. அதாவது, முன்பு 5 ஏற்றங்களில் கொடுத்த அவ்வளவு தோலையும் ஒரே மூச்சில் கொடு என்று காதைக் கேட்கிறோம். பெரிய துளையைச் சுற்றி அதிகத் தோல் இருக்கிறதே, பகிர்ந்துகொள்ளாதா என்று கேட்கலாம். ஓரளவு பகிர்ந்துகொள்ளும். ஆனால் சோணையின் மொத்தச் சதை மாறவில்லை. துளை பெரிதாகும்போது சுற்றியுள்ள வளையம் மெலிந்துதான் போகிறது. அந்த மெலிந்த வளையத்தின் மேல்தான் இவ்வளவு பெரிய தாவலை ஏற்றுகிறது அந்த அட்டவணை. காது வளர்த்தவர்களிடம் எங்கே கிழிந்தது என்று கேட்டால், பலர் காட்டும் இடம் இதுதான். 7 மி.மீ. பிளக் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைக்கும் வரை 6இலேயே இருங்கள். 8க்கும் 10க்கும் நடுவே 9க்கும் அதே மரியாதை கொடுங்கள்.

சின்ன அளவுகளிலும் இரண்டு இடங்கள் கவனத்துக்கு உரியவை. 1.2இலிருந்து 1.6, 3இலிருந்து 4. இரண்டிலும் குறுக்களவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. முந்தையது தோல் அளவில் சிறியதென்பதால் பெரும்பாலோருக்குச் சிரமமில்லாமல் கடந்துபோகும். 3இலிருந்து 4 அப்படியல்ல. அங்கே 3.5 கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் டெஃப்லான் டேப் இருக்கிறது.

குழாய் வேலைக்குப் பயன்படும் அதே வெள்ளை டேப்தான். பசை கிடையாது, தோலில் ஒட்டாது. பிரிக்காத புதிய சுருளாக வாங்கி, காதுக்கென்றே தனியாக வையுங்கள். சாதாரண டேப்பின் தடிமன் சுமார் 0.075 மி.மீ. பிளக்கைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினால் இரண்டு பக்கமும் சேர்ந்து குறுக்களவு 0.15 மி.மீ. கூடும். மூன்று சுற்றுக்குக் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். சுருக்கமில்லாமல், விளிம்பு தூக்காமல் இறுக்கிச் சுற்றி, காலிப்பரில் அளந்து பார்த்துப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்றிரண்டு சுற்று கூட்டினால் போதும். தினமும் கழற்றிக் கழுவி, அழுக்கேறிய டேப்பை மாற்றிவிடுங்கள். நன்றாக ஆறிய துளைக்கு மட்டும்தான் இந்த முறை. புண் உள்ள காதில் டேப் சுற்றிய நகையைப் போடவே கூடாது. ஓலைச் சுருளின் பொறுமையை இன்றைய காலத்தில் திரும்பப் பெற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

10 மி.மீ.க்கு மேல் 1 மி.மீ. வீதம் ஏறுங்கள். 11, 12, 14, 16, 19, 22, 25 என்று கடையில் வரிசை போட்டிருப்பார்கள். அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளையும் எட்டில் ஒரு பங்குகளையும் மில்லிமீட்டராக மாற்றியதால் வந்த எண்கள் அவை, காதைப் பார்த்து வைத்தவை அல்ல. 16இலிருந்து 19க்கு ஏறச் சுற்றளவில் 9 மி.மீ.க்கும் மேல் வேண்டும்.

குறுக்களவு மட்டும் அளவு ஆகாது

பிளக்குகளில் மூன்று வடிவங்கள் உண்டு. இரு பக்கமும் நேராக இருந்து ரப்பர் வளையத்தால் நிற்பவை, ஒரு பக்கம் மட்டும் விளிம்பு விரிந்தவை, இரு பக்கமும் விளிம்பு விரிந்தவை. மூன்றாவது வகை அழகாக இருக்கும், வளையம் தொலையும் கவலையும் இல்லை. ஆனால் 10 மி.மீ. என்று எழுதிய இரட்டை விளிம்புப் பிளக்கின் விளிம்பு 11, சில சமயம் 12 மி.மீ. இருக்கும். அதை உள்ளே நுழைக்கக் காது முதலில் அந்த அளவுக்கு விரிய வேண்டும். புதிய அளவுக்கு ஏறும் நாளில் அதை வைத்துத் தள்ளினால், ஒரு படி ஏறுவதாக நினைத்துக்கொண்டு மூன்று படி ஏறுகிறோம். ஆகவே ஏறும்போது ஒற்றை விளிம்பு அல்லது நேர்ப் பிளக். அந்த அளவில் காது தளர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆனபின் இரட்டை விளிம்பு.

சோணையின் பருமனையும் அளக்க வேண்டும். அழுத்தாமல், காலிப்பரை இரு பக்கமும் தொட்டும் தொடாமலும் வைத்துப் பாருங்கள். இரு விளிம்புகளுக்கும் நடுவே உள்ள நீளம் அந்தப் பருமனைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் விளிம்பு சதையைக் கவ்வி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ரொம்பவும் நீண்டால் பிளக் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், தலையணையில் இடிக்கும். ரப்பர் வளையம் வைப்பவர்கள் அதைச் சதையோடு ஒட்டித் தள்ளாமல் ஒரு நூல் இடைவெளி விடுங்கள்.

டேப்பர் எனப்படும் கூம்பு ஊசியைப் பலர் நகையாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அது கருவி. துளைக்குள் வழிகாட்டிவிட்டு, பின்னாலேயே அதே அளவுப் பிளக் நுழைந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு பக்கம் கனமாக, துளைக்குள் சாய்ந்து கிடக்கும் கூம்பு, துளையை வட்டமாக வளர்க்காது. தொடக்க அளவுகளுக்கு அதைத் தேர்ந்த கையால் பயன்படுத்தலாம். 5 மி.மீ.க்கு மேல் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எவ்வளவு தாவுகிறோம் என்பதே தெரியாமல் பெரிய அளவைத் தள்ளி நுழைக்க அது வழி செய்துவிடுகிறது. சுருள் வடிவ நகைகளும் இதே வகைதான். ஆறிய காதில் ஒரு நாள் கூத்துக்குப் போடலாம், வளர்க்க வேண்டாம்.

எதில் செய்தது?

ஏறும் நாளில் துளைக்குள் இருக்கும் தோல் புண்ணுக்குச் சமம். அதற்குப் பொருத்தமானவை மிகச் சில. உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம், ஏஎஸ்டிஎம் எஃப்136 என்ற குறியீடு உள்ளது. அதே தரத்து எஃகு எஃப்138, ஆனால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் டைட்டானியத்தோடு நிற்பது நல்லது. மூன்றாவது, வழுவழுப்பான கண்ணாடி. எனக்குப் பிடித்தது கண்ணாடிதான். துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், ஒவ்வாமை கிடையாது, கொதிநீரில் சுத்தம் செய்யலாம். கையிலிருந்து தரையில் விழுந்தால் மட்டும் முடிந்தது. விரிசல் விட்டதை மறுபடி போடாதீர்கள்.

தங்கம் என்றால் கலப்பில் நிக்கல் இல்லாத, 14 காரட்டுக்குக் குறையாத, முழுத் தங்கம். முலாம் பூசியது வேண்டாம். அரக்கு நிரப்பித் தகட்டால் செய்த பழைய பாணி நகைகள் ஆறிய காதுக்கு மட்டும். வெள்ளி கறுக்கும், அந்தக் கறை புதுத் தோலில் நிரந்தரமாகவே தங்கிவிடலாம். மரம், கொம்பு, எலும்பு ஈரத்தை உறிஞ்சும். முழுதாக ஆறிய பிறகு அவைபோல் சுகமானவை இல்லை, முன்னால் கூடாது. சிலிக்கோன் தோலைப் பற்றிக்கொள்ளும் குணமுள்ளது; அதோடு மடக்கி நுழைக்க முடிவதால் காதின் அளவைவிடப் பெரியதை நுழைத்துவிடும் சபலம் வரும். நுழைத்தபின் அது உள்ளே விரிந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அக்ரிலிக்கை மலிவுப் பெட்டிகளில் நிறைய விற்கிறார்கள். அதிக வெப்பத்தில் கிருமி நீக்க முடியாது, கீறல்களில் அழுக்கு தங்கும். அந்தப் பெட்டிகளை வாங்காதீர்கள் என்று நேராகவே சொல்கிறேன்.

நம் வீடுகளில் துளை தூராமலிருக்க வேப்பங்குச்சியோ ஈர்க்குச்சியோ வைக்கும் வழக்கம் உண்டு. துளையை அகலமாக்க ஒவ்வொரு ஈர்க்காகச் சேர்ப்பவர்களும் உண்டு. படிப்படியாகக் கூட்டும் எண்ணம் சரியானது. ஆனால் குச்சியின் சொரசொரப்பு உள்தோலைக் கீறும், அளவும் கைக்கு வராது.

ஏறும் நாள்

காது தயார் என்பதற்கு நாட்காட்டியைவிடக் காதே நல்ல சாட்சி. பிளக் தடையில்லாமல் சுழல வேண்டும். லேசாகக் கீழே இழுத்தால் மேலே சிறு இடைவெளி தெரிய வேண்டும். சிவப்பு, நீர்க்கசிவு, தொட்டால் வலி எதுவும் இருக்கக் கூடாது. தோலின் எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து ஒரு வாடை வரும். அது சீழ் அல்ல, கழுவினால் போய்விடும்.

வெந்நீரில் குளித்துவிட்டு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சில நிமிடங்கள் சோணையை எண்ணெய் விட்டு நீவிக் கொடுங்கள். ஆறிய தோலுக்குத் தேங்காய் எண்ணெயே போதும். நகை மேலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கட்டும். புதிய அளவு சிறு இறுக்கத்தோடு உள்ளே போக வேண்டும், வலியோடு அல்ல. போகவில்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். மரத்துப்போகும் களிம்பு பூசிவிட்டுத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்து என்று சொல்ல உடம்பிடம் இருப்பது வலி ஒன்றுதான், அதன் வாயைக் கட்டக் கூடாது. இரத்தம் வந்தால் அது விரிந்த துளை அல்ல, கிழிந்த துளை. உடனே பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

பிறகு சில நாட்கள் காலை, மாலை 0.9 சதவீத உப்பு நீரால், மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனால், முன்னும் பின்னும் கழுவினால் போதும். மஞ்சள், டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். நகையைக் கழற்றி மாட்டி விளையாடவும் வேண்டாம். எண்ணெய் நீவுவது காது அமைதியடைந்த பிறகு, தினமும். இது சோணையை மென்மையாகவும் தடிமனாகவும் வைத்திருக்க உதவும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? 3 மி.மீ. வரை ஒவ்வொரு படிக்கும் 6 வாரம். அங்கிருந்து 6 வரை 2 மாதம். அதற்கு மேல் 3 மாதம். கூட்டிப் பார்த்தால் 1இலிருந்து 10 மி.மீ.க்கு வர ஏறத்தாழ 2 ஆண்டுகள். ஆறு மாதத்தில் முடித்தேன் என்பவர்களின் காதைப் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள்.

இறங்கவும் தெரிய வேண்டும்

பின்பக்கத் துளை விளிம்பில் உள்தோல் பிதுங்கி, சிவந்த உதடு போல ஒரு வளையம் தெரிந்தால், தாவல் அதிகமாகிவிட்டது என்று பொருள். அப்போது அதே அளவில் பொறுத்துக்கொண்டிருப்பது கேடு. ஒரு படி, தேவையானால் இரண்டு படி இறங்கிவிடுங்கள். சலைனால் கழுவி, ஆறிய பின் எண்ணெய் நீவி, குறைந்தது 3 மாதம் கழித்துத்தான் மறுபடி ஏற்றம். அந்த முறை நகையைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக நுழையுங்கள். பிதுங்கல் அப்படியே தங்கிவிட்டாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

துளைக்குக் கீழே உள்ள சதைப் பட்டையை மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மற்றப் பக்கங்களைவிட மெலிந்து, வெளிச்சம் ஊடுருவும் நிலைக்கு வந்தால், அதற்கு மேல் எந்த அளவும் உங்களுக்கானது அல்ல. சோணை சிறியவர்களுக்கு 8 மி.மீ.யிலேயே இந்த எல்லை வரலாம். சிலருக்கு 20இலும் வராது. நகையைக் கழற்றினால் துளை பழையபடி சுருங்கிவிடுமா என்பதும் அப்படித்தான், காதுக்குக் காது மாறும். 8, 10 மி.மீ. வரை சுருங்கும் என்று பரவலாகச் சொல்வார்கள். அதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேகமாக வளர்த்துத் தழும்பேறிய துளை 5 மி.மீ.யிலும் அப்படியே நிற்கும். பின்வாங்கும் வாய்ப்பு வேண்டும் என்று கொஞ்சமேனும் தோன்றினால் 5, 6 மி.மீ.யில் நின்றுவிடுங்கள். அழகான மரப் பிளக்குகள் அந்த அளவிலும் நிறைய இருக்கின்றன.

பிளக்கின் முகம் எவ்வளவு அகலம், காதிலிருந்து எவ்வளவு துருத்துகிறது என்பதையும் அன்றாட வாழ்க்கையோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள். பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றும்போது விளிம்பில் மாட்டி இழுபடும். அவர்களுக்குச் சோணையோடு சமமாக நிற்கும் தட்டை முகம்தான் பொருத்தம். டனலில் துண்டின் நூல் மாட்டும், தலை துவட்டும்போது கவனம். தொங்கும் கனமான நகைகள் எதுவானாலும் சில மணி நேரத்துக்கு மட்டும், அதுவும் அந்த அளவில் காது முழுதாக ஆறியபின்.

கடந்து வந்த அளவுகளின் ஜோடிகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அளவை எழுதிய சிறு உறைகளில் போட்டு வையுங்கள். பயணத்தில் கடைசி இரண்டு அளவுகளையாவது கையோடு எடுத்துச் செல்லுங்கள். புதிதாக ஏறிய துளை ஓரிரு நாளிலேயே சுருங்கிவிடும். ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு பக்கத்துப் பிளக் தொலைந்தால், உள்ளே போகிற அளவு எதுவோ அதைப் போட்டுக்கொண்டு, வீடு திரும்பியபின் அங்கிருந்து படிப்படியாக ஏறிக்கொள்ளலாம்.